பிரின்சுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு

காவாந்தண்டலம்
11-8-79, சனிக்கிழமை

அன்பு மகள் ஞானசுந்தரிக்கு அம்மா எழுதியது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக் குட்டியும் ஜான்சியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை இல்லை, ஆனாலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கறவை மாடு இரண்டும் பால் தருகின்றன, உன் நைனா எப்போதும்போல எல்லாம் தெரிந்தவராக இருக்கிறார். இன்லண்டு லெட்டரில் அடங்காத சமாசாரம் என்பதால் நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்து எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. போன சனிக்கிழமை உன் நாய் பிரின்ஸ் என்னைக் கடித்துவிட்டது. இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, நாலு பல். வெறி நாய் என்று ஊர் சொல்கிறது, காது நோவு என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் உயிரோடு தெளிவாக இருந்தால்தான் எது சரி என்று தெரியுமாம். அந்தப் பத்தாம் நாள் வருகிற செவ்வாய்க்கிழமை. அதுவரை உனக்கு எழுதக்கூடாது என்று உன் நைனா உத்தரவு. அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் தபாலில் போடுவேன். நாய் பிழைத்தால் இந்தக் கடிதம் வரும். இல்லாவிட்டால் உன் நைனா எழுதுவார், அவர் கையெழுத்து உனக்குப் புரியாது என்பது வேறு விஷயம். என் ஜாதகத்தில் ஆயுசு எழுபத்தெட்டு என்று போட்டிருந்தது. இப்போது அந்த எழுபத்தெட்டு மாட்டுக் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடக்கிறது.

போன மாசி மாதம் லீவில் வந்தபோது, குவார்ட்டர்ஸ் மாறுகிறது, இனிமேல் மாடி வீடு, ஒரு மூன்று மாதம் மட்டும் நாயை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறினீர்கள். மாசியிலிருந்து ஆடி எத்தனை மாதம் என்று இந்த ஊரில் எண்ணத் தெரிந்தவர் யாரும் இல்லை, நீங்கள் படித்தவர்கள், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நம் தெரு நாய்களுக்கெல்லாம் காது கொம்பு மாதிரி நிற்கும், காற்று ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும், அதுகளுக்குக் காது நோவு வந்து யாரும் பார்த்ததில்லை. உன் இளவரசருக்கோ சேப்பங்கிழங்கு இலை இரண்டைத் தொங்கவிட்டதுபோல காது. ஊரே வந்து தூக்கித் தூக்கிப் பார்த்தது. நீ எழுதிக் கொடுத்த தாளை உன் நைனா காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். பால் இரண்டு வேளை, சோற்றில் காரம் கூடாது, தினமும் சீப்பால் வார வேண்டும், வாரம் ஒரு முறை கட்டாயம் குளிப்பாட்ட வேண்டும். காதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வாரம் ஒரு முறை குளியல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனாயே, இந்த வீட்டில் வாரம் ஒரு முறை குளியல் என்றால் என்ன என்பது உனக்கே மறந்துவிட்டதா.

உன் நைனா அந்த வரியைப் படித்துவிட்டு, அவ சொல்லணுமா, நாம இன்னா முழுகாத ஜனமா என்று கேட்டுவிட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சச் சொன்னார். எனக்கு வெள்ளிக்கிழமை முழுக்கு, வேலையோடு வேலையாக நாயையும் தேய்த்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர், அது ஆம்பள நாயி, வெள்ளிக்கெழம ஊத்தக்கூடாது, என்னோட சனிக்கெழம முழுகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்காருவார்கள். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய். முதலில் இவர் தலையில், பிறகு அதன் தலையில். முதலில் இவர் காதில், பிறகு அதன் காதில். காதுக்கு ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டுமென்று பரண்மேல் தேடி, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்குப் பால் ஊற்றிய வெள்ளிப் பாலாடையை எடுத்துக்கொண்டார். ஒரு காதுக்கு ஒரு பாலாடை. அரை மணி ஊறிய பிறகு பம்பு செட்டுத் தொட்டியில் இரண்டு பேரும் இறங்குவார்கள், சீயக்காய் தேய்த்து, குழாய்க்கு நேராக அதன் தலையைப் பிடிப்பார். கரையேறியதும் இவர் துண்டால் தன் காதைக் குடைந்து துடைத்துக்கொள்வார். அதற்குத் துண்டு ஏது, கை ஏது. எண்ணெயும் தண்ணீரும் உள்ளே, மேலே சேப்பிலை மூடி. அப்படியே போய் வைக்கோலில் படுத்துக்கொள்ளும். நான் சாம்பிராணி மட்டும் போடவில்லை, அது ஒன்றுதான் குறை.

ஆனி பிறந்ததும் நாய் தலையை உதற ஆரம்பித்தது. பின்னங்காலால் காதைச் சொறியும், சொறிந்துவிட்டுக் கத்தும். பக்கத்தில் போனால் புளித்துப்போன மாவு நாற்றம். காது மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, பழுப்பாக என்னவோ ஒழுகியிருந்தது. நான் சொன்னேன், இது ஈரம் தங்கினதால் வந்தது, எண்ணெயை நிறுத்துங்கள் என்று. உன் நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். உடம்புல சூடு ஏறிக்கினுகீது, அதான், எண்ணெய் பத்தல என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமையோடு புதன்கிழமையும் சேர்ந்தது. எண்ணெயில் பூண்டும் சேர்ந்தது. அப்படியும் அடங்கவில்லை என்றதும் கோழி இறகை எண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டுக் குடைந்து பார்த்தார். நாய் போட்ட சத்தத்தில் கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. போன மாதக் கடைசியில் நாய் தலையை வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தது, நேராக நடக்க முடியாமல் முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூப்பிட்டால் இடது பக்கம் இருந்து கூப்பிட்டால்தான் திரும்பியது. உன் நைனா அதையும் ரசித்தார். பாரு, பிரதட்சணம் பண்ணுது என்றார்.

போன சனிக்கிழமை காலையில் வழக்கம்போல முழுக்கு. நாய் தொட்டிப் பக்கமே வரமாட்டேன் என்று கொட்டகையில் ஒண்டிக்கொண்டது. உன் நைனா இழுத்துவந்து கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் மோவாயப் புடி என்று என்னைக் கூப்பிட்டார். முப்பத்தொரு வருஷமாக அவர் கூப்பிட்டதும் போய்ப் பிடிக்கிறேன், அன்றும் பிடித்தேன். பாலாடை காதில் பட்டதுதான் தெரியும், என் கை அதன் வாயில் இருந்தது. உன் நைனா அதன் கழுத்தைப் பிடித்துப் பிரித்து, கொட்டகைக்கு இழுத்துப்போய்ச் சங்கிலியில் போட்டார். ஒரு நல்ல காரியம் செய்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கலாம் என்று நான் உள்ளே ஓடினேன், அதெல்லாம் வேண்டாம் என்று பம்பு செட்டுத் தண்ணீரில் கையைக் காட்டச் சொல்லி, லைப்பாய் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டார். ஒன்பது மணி பஸ்ஸில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரி. அங்கே லேடி டாக்டர், பதினாலு ஊசி, தினம் ஒன்று, தொப்புளைச் சுற்றி என்றார். நாயைக் கொல்லாதீர்கள், கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், நாய் நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம், நாய் செத்தாலோ ஓடிப்போனாலோ ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று இரண்டு முறை சொன்னார். இன்றோடு எட்டு ஊசி. வயிற்றைச் சுற்றிக் கோலப்புள்ளி வைத்தது போல இருக்கிறது, கோடு இழுக்கத்தான் ஆள் இல்லை.

ஊர் பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்று மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என்னைப் பார்த்து இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். பக்கத்து வீட்டுச் செல்லாயி மட்டும் ஒதுங்கவில்லை, அவள் நெருங்கி வந்துவிட்டாள். வெறி ஏறினவர்கள் தண்ணீரைப் பார்த்தால் பயப்படுவார்களாம். அதனால் தினமும் விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, குடி அக்கா, நான் பாக்கறேன் என்று எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் குடித்து முடித்ததும் என் தொண்டையை உற்றுப் பார்த்துவிட்டு, எறங்கிடுச்சி என்று தெருவுக்குத் தகவல் சொல்லப் போகிறாள். காப்பி குடிப்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர், எனக்கு மலச்சிக்கல் தீர்ந்ததுதான் மிச்சம். பஞ்சாயத்து மெம்பர் எல்லப்பன்தான் பெரிய தலைவலி. கழுத்தை ஒருக்களித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிற நாயை அவன் கண்ணால் பார்த்தானாம், கடித்ததும் உண்மையாம், இதற்குமேல் சாட்சி என்ன வேண்டும் என்கிறான். அவன் பேரப் பிள்ளைகள் நம் வீட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், அவன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உன் நைனாவைப் பார்த்து, வேதகிரிண்ணே, ஒரு நாயிக்காக ஊர அழிக்காதே என்று தினம் இரண்டு வேளை வந்து சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும். அவனை ஒரு கடி கடித்துவிடலாம்போல எனக்கே வாய் ஊறுகிறது, நல்லவேளை செல்லாயியிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரி திறந்ததும் வண்டி கட்டிக்கொண்டு நாயைக் கொண்டுபோனோம். வாயைத் துணியால் கட்டி, சாக்கில் சுற்றி, பெண் அழைப்பு மாதிரி ஊர்வலம். மாடு, ஆடு, கோழி வரும் இடத்துக்கு இளவரசர் வந்திறங்கியதைப் பார்த்து வரிசையில் நின்றவர்களெல்லாம் மாட்டை விட்டுவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். டாக்டர் தாமோதரன் சின்ன வயசுக்காரர், கையுறை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். வெறி இல்லையென்று நான் எழுதிக் கொடுக்க முடியாது, பத்து நாள் போக வேண்டும், ஆனால் காது இரண்டும் சீழ் பிடித்திருப்பது எழுதிக் கொடுக்காமலே தெரிகிறது என்றார். காதின் உள்பக்கம் வரைக்கும் நோவு போயிருக்கிறதாம், நிதானம் தருகிற நரம்பு அங்கேதான் இருக்கிறதாம், அதனால்தான் தலை சாய்வதும் சுற்றுவதும், தொட்டால் உயிர் போகிற வலி, கடிக்காமல் என்ன செய்யும் என்றார். பிறகு, இதில் எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டார். உன் நைனா கொஞ்சம் பெருமையாகவே முன்னால் வந்தார். எந்த எண்ணெய், எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேட்டு, பாலாடை என்றதும் அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. நாய்க் காது நேராகப் போய் முடிகிற காது இல்லையாம், கீழே இறங்கி ஒரு மூலையில் திரும்புமாம், உள்ளே போனது தானாக வெளியே வராதாம். பெரியவரே, நீங்க அதோட காதுல கொழம்பு வச்சிருக்கீங்க என்றார். உன் நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இனி வைத்தியம். டாக்டர் ஒரு பாட்டிலில் கழுவுகிற மருந்து கொடுத்தார், சொட்டு மருந்து அங்கே இல்லை, பஜாரில் கிதர் முகம்மது பாயின் மருந்துக் கடையில் சொன்னோம், அவர் காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்துப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். நீயும் தெரிந்துகொள், எந்த நாய்க்கும் உதவும். கழுவுகிற மருந்தை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் காதில் விட்டு, காதின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்து மெதுவாகப் பிசைய வேண்டும், உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பிறகு அது தலையை உதறட்டும் என்று விட்டு, தள்ளி நிற்க வேண்டும், தள்ளி நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று, அன்று டாக்டர் செய்துகாட்டும்போது கிட்டே நின்ற என் மஞ்சள் புடவை சொல்லும். விரலில் பஞ்சைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் துடைக்கலாம், அதற்குமேல் குச்சி, கொண்டை ஊசி, கோழி இறகு எதுவும் போகக்கூடாது. அப்புறம் சொட்டு மருந்து, காலை மாலை, நன்றாகிவிட்டது போலத் தெரிந்தாலும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும். காதுக்குள் இருக்கிற மயிரைக் கத்தரித்துக் காற்றுப் போக விட வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் பஞ்சு அடைத்து, குளித்ததும் எடுத்து, மடலைத் தூக்கித் துடைத்து உலர வைக்க வேண்டும். உலர்வதற்காக இரண்டு காதையும் தலைக்கு மேலே தூக்கிக் கட்டச் சொன்னார். பெட்டியில் உன் சிவப்பு ரிப்பன் இருந்தது. இப்போது நாய் ஏழாம் வகுப்புப் பெண் மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறது. மருந்து விடுவதெல்லாம் உன் நைனாதான், என்னைக் கொட்டகைக்குள் விடுவதில்லை. கையில் கோணிப்பை சுற்றிக்கொண்டு போய், அரை மணி பேசிப் பேசிச் சமாதானம் செய்து மருந்து விடுகிறார். என்னிடம் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். வெளியூர் சனம் வரும். வெறி நாயை வைத்துக்கொண்டு கூழ் வார்க்கக்கூடாது, விடிந்ததும் அடித்துப் புதைத்துவிட வேண்டும் என்று எல்லப்பன் நாலு பேரைச் சேர்த்திருப்பதாகச் செல்லாயி சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை நேரம் கேலியாகவே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன், ஞானம். உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

13-8-79, திங்கள்

நேற்று விடியற்காலையில் எல்லப்பன் வந்தான். கூட நாலு பேர், கையில் தடி, ஒருவனிடம் சுருக்குக் கயிறு. கொட்டகை வாசலில் உன் நைனா கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் முதல் கூழ்ப்பானையைத் தூக்குகிறவர் அவர்தான், இந்த வருஷம் தூக்கப் போகவில்லை, பானைக்கு வேறு தோள் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். எல்லப்பன், நீ நவுரு அண்ணே, எங்களுக்குக் கொழந்த குட்டிங்க கீது என்றான். இவர் நகரவில்லை. நான்தான் போய் நடுவில் நின்றேன். கடி வாங்கனது நானு, அந்த நாய அடிக்கற அதிகாரமும் என்னுதுதான், செவ்வாய்க்கெழம சாயங்காலம் வாங்க, வெறின்னு தெரிஞ்சா நானே தடி எடுத்துத் தரேன், இன்னிக்கி அடிச்சீங்கன்னா எனக்கு இன்னான்னு யாரு சொல்றது, நீ சொல்லுவியா எல்லப்பா என்று கேட்டேன். அப்போது செல்லாயி கும்பலை விலக்கிக்கொண்டு வந்து, அக்கா தண்ணி நல்லாத்தான் குடிக்குது, எட்டு நாளா நான் பாத்துக்கினு தான கீறேன் என்று சாட்சி சொன்னாள். எந்தக் கோர்ட்டிலும் எடுபடாத சாட்சி, நம் தெருவில் எடுபட்டது. எல்லப்பன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, செவ்வாய்க்கெழமதான், அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது என்று சொல்லிவிட்டுப் போனான். தடியை மறந்தே விட்டுவிட்டான், துணி உலர்த்தக் கொடிக்கம்பாக வைத்துக்கொண்டேன்.

இன்று காலையில் பத்தாவது ஊசி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் நாய் தண்ணீர் குடிக்கவில்லை. சட்டியை வைத்தால் கிட்டே வருகிறது, வாயைத் திறக்கப் பார்க்கிறது, திறக்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கிறது. பால் வைத்தாலும் அப்படியே. உன் நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் போனார், பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அவர் வருகிற வரைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டு, செல்லாயி கண்ணில் படாமல், நானே சொம்பு சொம்பாகத் தண்ணீர் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். சிரிக்காதே. உன் கல்யாணப் பட்டுப் புடவையின் இன்னொரு ஜோடி பெட்டியில் கீழே இருக்கிறது, அது உன் குழந்தைக்கு என்று எழுதி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கட்டையைக் கொடுத்து வாயைப் பார்த்தார், காதின் அடியில் அழுத்தினார், நாய் அலறியது. தாடை மூட்டு காதுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, உள்ளே வீங்கியிருப்பதால் வாயைத் திறந்தால் வலிக்கும், அதனாலும் இருக்கலாம் என்றார். அந்த ‘லும்’ எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஊசி போட்டுவிட்டு, சாயந்தரம் வரைக்கும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, போகாமல் முருங்கை மரத்தடியில் மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கூழ் கரைத்துக் கொடுத்தேன். நாலு மணிக்கு வலது காதிலிருந்து சீழ் உடைத்துக்கொண்டு ஒழுகியது, நாற்றம் தெருக்கோடி வரைக்கும். அதற்குப் பிறகு ஒரு அரை மணி இருக்கும், உன் நைனா கொட்டகையிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சட்டியில் இருந்த கூழ்த் தண்ணீரை நாய் நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே மாட்டுச் சாணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

14-8-79, செவ்வாய்

நாய் இருக்கிறது. நானும் இருக்கிறேன். காலையில் எழுந்து வாலை ஆட்டிச் சோறு தின்றது. டாக்டர் தாமோதரன் எட்டு மணிக்கு வந்து பார்த்து, வெறி இல்லை என்று சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு எல்லப்பன் கையிலேயே கொடுத்தார். எல்லப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்ப சரி என்றான், அதற்குமேல் அவனிடம் எதிர்பார்க்க முடியாது. தலைச் சாய்வு முழுசாகப் போக மாசம் இரண்டு ஆகுமாம், கொஞ்சம் நின்றுவிட்டாலும் விடுமாம். வலது காது இனிமேல் கேட்காது என்று நினைக்கிறேன், அந்தப் பக்கம் தட்டைத் தட்டினேன், திரும்பவில்லை.

பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் சீட்டை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் போனோம். லேடி டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, பத்து ஊசியோடு போதும், மீதி நாலு வேண்டாம் என்றார். எழுந்தேன். உன் நைனா எழுந்திருக்கவில்லை. அப்ப மத்தவங்களுக்கும் ஊசி தேவைப்படாதுங்களா என்று கேட்டார். மற்றவர் யார் என்று டாக்டர் கேட்டதும் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். தொடையில், முழங்காலுக்கு நாலு விரல் மேலே, ஆறிக்கொண்டிருந்த பல் தடம், என் கையில் இருப்பதைவிட ஆழம். அன்று என் கையைப் பிரித்துவிட்டு நாயைக் கொட்டகைக்கு இழுத்துப் போனாரே, அங்கே வாங்கிய கடி. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. உங்களுக்கு மூளை இருக்கிறதா, அந்த நாய்க்கு வெறி இருந்திருந்தால் இந்நேரம் உங்களைக் காப்பாற்ற யாராலும் முடியாது, தினமும் இந்த வாசல் வரைக்கும் வந்தும் ஒரு ஊசி போட்டுக்கொள்ள உங்களுக்கு என்ன கேடு என்று திட்டினார். திட்டியது போதாது என்று எனக்குத் தோன்றியது. இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ரெண்டு பேரக் கடிச்ச நாயின்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அடிச்சிருப்பானுங்க, நாயி பூட்டா இவளுக்கு இன்னான்னு கடசி வரிக்கும் தெரியாம பூடும், எண்ணெய் ஊத்தனது நான் தானுங்களே என்று.

ஞானம், பத்து நாள். பத்து நாளும் நான் என் ஊசியை எண்ணி எண்ணி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தினம் என்னைப் பஸ்ஸில் ஏற்றி, அந்த அறை வாசலில் என் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து தனக்கும் ஒன்று கேட்கவில்லை. நேற்று நாய் தண்ணீர் குடிக்காமல் நின்றபோது நான் என் உயிருக்காகப் பயந்தேன், அவர் சைக்கிளில் எந்த உயிருக்காகப் போனார் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முந்தானையே நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றை வடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இதை ஒட்டி முடித்ததும் போய்ப் பேசுவேன், என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையோடு நூறு வயசு குறைவில்லாமல் வாழ அம்மன் அருள் செய்யட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சின்னக் குட்டிக்கு நெற்றியில் ஒரு முத்தம். தெருவில் எந்த நாயையும் அவளைத் தொட விடாதே. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் கழுவி அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ, நம் குடும்பத்தில் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. இன்னும் ஒன்று, மறந்துவிடாதே. உன் நைனா பேருக்கு, அவருக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு. அதில் நாயைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
வே. சுலோச்சனா